சபாநாயகர் வி.சிவகுமார்: பேராக் சட்டமன்ற நாற்காலியும் அது எழுப்பிய கேள்விகளும்

மலேசியாவில் ஒரு மாநிலச் சட்டமன்றத்தின் சபாநாயகராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் வி.சிவகுமார். பேராக், துரோனோ தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக 2008-இல் அரசியல் மேடைக்கு வந்தவர். பின்னர் பத்து காஜா நாடாளுமன்ற உறுப்பினரானார். 2022 டிசம்பர் முதல் 2023 டிசம்பர் வரை நாட்டின் மனிதவள அமைச்சராகவும் இருந்தார்.

ஆயினும், இன்றும் அவர் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது அமைச்சர் பதவி அல்ல. 2009 மே 7-ஆம் தேதி, ஈப்போ சட்டமன்ற மண்டபத்திலிருந்து சபாநாயகர் நாற்காலியோடு அவர் வெளியே இழுத்துச் செல்லப்பட்ட சம்பவம்தான். அந்தச் சம்பவம் பரபரப்புச் செய்தியாகவே பெரும்பாலும் பேசப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால், ஒவ்வொரு வாக்காளரையும் தொடும் கேள்வி ஒன்று இருந்தது. மக்கள் ஒரு கட்சியை நம்பித் தேர்ந்தெடுத்த உறுப்பினர் அணி மாறினால், அந்த இடம் யாருக்குச் சொந்தம்? அது காலியாகிவிட்டது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

சிவகுமாரின் அரசியல் வாழ்க்கையை இந்தக் கேள்வியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

2008: எதிர்பாராத ஆட்சி

2008 மார்ச் 8-ஆம் தேதி நடந்த 12ஆவது பொதுத் தேர்தலுக்கு முன்னர், பேராக்கில் தேசிய முன்னணி ஆட்சியை இழக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு. 2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் நடத்திய பேரணிக்குப் பிறகு இந்திய வாக்காளர்களின் மனநிலை பெரிதும் மாறியிருந்தது. தேர்தல் முடிவில் கிளந்தான், கெடா, பினாங்கு, சிலாங்கூர், பேராக் ஆகிய ஐந்து மாநிலங்கள் எதிர்க்கட்சிகளின் வசமாயின.

பேராக் சட்டமன்றத்தில் மொத்தம் 59 இடங்கள். ஜனநாயக செயல் கட்சி (ஜ.செ.க.) 18, பி.கே.ஆர். 7, பாஸ் 6 என மூன்று கட்சிகளும் சேர்ந்து 31 இடங்களைப் பெற்றன. தேசிய முன்னணிக்குக் கிடைத்த 28 இடங்களில் 27 அம்னோவுக்கும் ஒன்று ம.சீ.ச.வுக்கும் சென்றன. ம.இ.கா.வுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

இந்த மூன்று கட்சிகளும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. பின்னர் இவை பாக்காத்தான் ராக்யாட் என்ற பெயரில் மக்கள் கூட்டணியாக இயங்கின. கூட்டணியில் அதிக இடங்களை வைத்திருந்தது ஜ.செ.க. என்றாலும், மந்திரி பெசார் பதவி தொடர்பான பேராக் அரசியலமைப்பின் விதிகளையொட்டி, பாஸ் கட்சியின் டத்தோஸ்ரீ முகமட் நிஜார் ஜமாலுடின் மார்ச் 17-ஆம் தேதி மந்திரி பெசாராகப் பதவியேற்றார். சுங்காய் சட்டமன்ற உறுப்பினர் அ.சிவநேசன் ஆட்சிக்குழுவில் இடம்பெற்றார். சபாநாயகர் பதவி சிவகுமாருக்கு வந்தது. துணைச் சபாநாயகராக ஜெலாப்பாங் சட்டமன்ற உறுப்பினர் ஹீ யிட் ஃபூங் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரும் ஜ.செ.க.வைச் சேர்ந்தவரே.

முதல் முறையாகச் சட்டமன்றத்துக்குள் வந்தவர், அந்த மன்றத்தின் தலைமை நாற்காலியிலேயே அமர்ந்தார். இந்தியச் சமூகம் இதைப் பெருமையோடு வரவேற்றது. மாநில ஆட்சிக்குழுவில் ஓர் இந்தியர் இருப்பது புதிதல்ல. ஆனால் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, மந்திரி பெசார் என அனைவரும் எழுந்து நின்று “மாண்புமிகு சபாநாயகர் அவர்களே” என்று விளித்துவிட்டுப் பேச வேண்டிய இடத்தில் ஓர் இந்தியர் அமர்ந்தது அதுவே முதல் முறை.

சபாநாயகரின் வேலை என்ன?

சட்டமன்றக் கூட்டங்களை நடத்துவது, யார் பேசுவது என முடிவு செய்வது, மன்ற விதிகளை மீறுவோரைக் கண்டிப்பது, தேவைப்பட்டால் வெளியேற்றுவது ஆகியவை சபாநாயகரின் அன்றாடப் பணிகள். சபாநாயகர் ஒரு தொகுதியின் உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெளியிலிருந்தும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். இந்தக் கடைசி விதி பின்னாளில் பேராக்கில் முக்கியமானது.

மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 72ஆவது விதி, மாநிலச் சட்டமன்ற நடவடிக்கைகள் எதையும் நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. தன் வீட்டு விவகாரத்தைச் சட்டமன்றம் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் சாரம். அந்த வீட்டின் சாவி சபாநாயகர் கையில் இருப்பதாகத்தான் அதுவரை பெரும்பாலோர் எண்ணியிருந்தனர்.

அந்தச் சாவி எந்தெந்தக் கதவுகளைத் திறக்கும், எவற்றைத் திறக்காது என்பது 2009-ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் தெரிந்தது.

தேதியிடாத கடிதங்கள்

2009 ஜனவரி இறுதியில் போத்தா சட்டமன்ற உறுப்பினர் நசாருடின் ஹஷிம் அம்னோவிலிருந்து விலகி பி.கே.ஆரில் சேர்ந்தார். கூட்டணியின் பலம் 31-இலிருந்து 32 ஆனது. ஆளுங்கட்சியினர் அதைக் கொண்டாடினார்கள். அடுத்த சில நாட்களிலேயே காற்று திசை மாறியது.

பேராங் தொகுதியின் ஜமாலுடின் முகமட் ராட்ஸி, சங்காட் ஜெரிங் தொகுதியின் ஒஸ்மான் ஜைலு ஆகிய இரு பி.கே.ஆர். உறுப்பினர்களும் கூட்டணியைவிட்டு விலகப் போவதாகப் பேச்சு அடிபட்டது. பதவியேற்றபோது அவர்கள் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்த, தேதி குறிப்பிடாத பதவி விலகல் கடிதங்கள் அப்போது வெளியே வந்தன. கட்சித் தாவலைத் தடுக்கச் சட்டம் இல்லாத காலத்தில், கட்சிகள் கையாண்ட தற்காப்பு முறை அது.

அந்தக் கடிதங்களின் அடிப்படையில் இரு தொகுதிகளும் காலியாகிவிட்டன என்று சபாநாயகர் சிவகுமார் அறிவித்து, தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவித்தார். தாங்கள் பதவி விலகவில்லை என்று அவ்விருவரும் மறுத்தனர். பிப்ரவரி 3-ஆம் தேதி, இடைத்தேர்தல் நடத்தப் போவதில்லை என்று தேர்தல் ஆணையம் முடிவு செய்தது.

மறுநாள் நிலைமை தலைகீழானது. துணைச் சபாநாயகர் ஹீ யிட் ஃபூங்கும் ஜ.செ.க.விலிருந்து விலகினார். மூவரும் சுயேச்சைகளாக இருந்து தேசிய முன்னணியை ஆதரிப்பதாக அறிவித்தனர். நசாருடின் அம்னோவுக்கே திரும்பினார். ஹீயின் இடமும் காலி என சபாநாயகர் அறிவித்தார். ஆனால் கணக்கு ஏற்கெனவே மாறியிருந்தது. கூட்டணிக்கு 28, தேசிய முன்னணிக்கு 28, மூன்று சுயேச்சைகளும் தேசிய முன்னணியின் பக்கம். 31-28 என்ற அதே எண்ணிக்கை, பக்கம் மட்டும் மாறி நின்றது.

சட்டமன்றத்தைக் கலைத்துப் புதிய தேர்தல் நடத்த நிஜார் அரண்மனையின் ஒப்புதலைக் கோரினார். அப்போதைய பேராக் சுல்தான் அஸ்லான் ஷா, நாட்டின் தலைமை நீதிபதிப் பதவியை வகித்தவர். அவர் பிப்ரவரி 5-ஆம் தேதி அந்தக் கோரிக்கையை நிராகரித்து, நிஜாரைப் பதவி விலகச் சொன்னார். மறுநாள் டத்தோ டாக்டர் ஜம்ரி அப்துல் காடிர் மந்திரி பெசாராகப் பதவியேற்றார்.

நிஜார் பதவி விலக மறுத்தார். பேராக்கில் இரு மந்திரி பெசார்கள் உரிமை கொண்டாடிய காலம் அன்று தொடங்கியது. ஆட்சி மாறினாலும் சட்டமன்றம் கலைக்கப்படவில்லை. ஆகவே சபாநாயகர் பதவியில் சிவகுமாரே நீடித்தார். பழைய கூட்டணியின் கையில் எஞ்சியிருந்த ஒரே பதவி அதுதான்.

மரத்தடியில் ஒரு சட்டமன்றம்

பிப்ரவரி 18-ஆம் தேதி, சட்டமன்ற உரிமைக் குழுவின் தலைவர் என்ற முறையில் சிவகுமார் ஒரு முடிவை அறிவித்தார். மன்றத்தை அவமதித்ததாகக் கூறி, ஜம்ரி 18 மாதங்களுக்கும் அவருடைய ஆட்சிக்குழு உறுப்பினர்கள் அறுவர் 12 மாதங்களுக்கும் சட்டமன்றக் கூட்டங்களில் கலந்துகொள்ளத் தடை விதிக்கப்பட்டது.

அவருடைய ஆதரவாளர்கள் இதை, குறுக்குவழியில் வந்த ஆட்சிக்கு எதிரான துணிச்சலான நடவடிக்கை என்று பாராட்டினார்கள். எதிர்த்தரப்பு, சபாநாயகர் நடுநிலை தவறிக் கட்சிக்காரராக நடந்துகொள்கிறார் என்று குற்றஞ்சாட்டியது. சட்டம் தெரிந்தவர்களிடையேகூட இதில் இருவேறு கருத்துகள் இருந்தன. அணி மாறியவர்களால் ஆட்சி கவிழ்ந்தது ஒருபுறம். ஏழு பேரை வெளியே நிறுத்தி மன்றத்தின் எண்ணிக்கையை மாற்றுவது மறுபுறம். இரண்டுமே வாக்காளர் முடிவு செய்யாத வழிகள் என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியாது.

மார்ச் 3-ஆம் தேதி அவசரச் சட்டமன்றக் கூட்டத்துக்குச் சிவகுமார் அழைப்பு விடுத்தார். ஈப்போவில் உள்ள மாநிலச் செயலகக் கட்டடத்துக்குள் உறுப்பினர்கள் அனுமதிக்கப்படவில்லை. வாயிலைப் போலீசார் காவல் காத்தனர். கட்டடத்துக்குச் சற்றுத் தள்ளி நின்ற ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் கீழ் கூட்டணி உறுப்பினர்கள் கூடினர். சபாநாயகர் தம் அங்கியோடு அங்கேயே கூட்டத்தை நடத்தினார். நிஜார் மீது நம்பிக்கை தெரிவிக்கும் தீர்மானமும், சட்டமன்றத்தைக் கலைக்க வேண்டும் என்ற தீர்மானமும் அங்கு நிறைவேறின.

அந்தத் தீர்மானங்களால் ஆட்சி மாறவில்லை. ஆனால் அந்த மரத்துக்கு மட்டும் ‘ஜனநாயக மரம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அங்கு நிறுவப்பட்ட நினைவுப் பலகை பின்னர் சேதப்படுத்தப்பட்டது. ஊர்ப் பொதுக்காரியத்தை மரத்தடியில் கூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றியிருக்காது.

நீதிமன்றம் சொன்னது

வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டன. ஏப்ரல் 9-ஆம் தேதி, கூட்டரசு நீதிமன்றம் அணி மாறிய மூவரும் சட்டமன்ற உறுப்பினர்களாகவே தொடர்வதாகத் தீர்ப்பளித்தது. தொகுதி காலியாகிவிட்டதா என்பதை உறுதிப்படுத்த வேண்டியது தேர்தல் ஆணையமே, சபாநாயகர் அல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

அடுத்த வாரமே, ஏப்ரல் 16-ஆம் தேதி, ஜம்ரியையும் ஆட்சிக்குழுவினர் அறுவரையும் இடைநீக்கம் செய்தது சபாநாயகரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது, எனவே செல்லாது என்று அதே நீதிமன்றம் முடிவு செய்தது. சட்டமன்ற நடவடிக்கையில் நீதிமன்றம் தலையிட முடியாது என்ற வாதம் அங்கு எடுபடவில்லை. அதிகார வரம்புக்குள் எடுக்கப்பட்ட முடிவுக்குத்தான் 72ஆவது விதியின் பாதுகாப்பு உண்டு என்ற நிலைப்பாடு மேலோங்கியது.

தீர்ப்புகள் இரண்டும் சிவகுமாருக்குப் பாதகமாக அமைந்தன. ஆயினும் சபாநாயகர் பதவி அவரிடமே இருந்தது. அவரை அகற்ற வேண்டுமானால் சட்டமன்றம் கூட வேண்டும். சட்டமன்றம் கூடினால் தலைமை நாற்காலியில் இருப்பவர் அவர். இந்த முடிச்சுதான் மே 7-ஆம் தேதி பலவந்தமாக அவிழ்க்கப்பட்டது.

2009 மே 7

அன்று காலை ஈப்போவில் சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றிப் போலீசார் குவிக்கப்பட்டிருந்தனர். வெளியே திரண்டவர்களில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உட்படப் பலர் கைது செய்யப்பட்டனர். தொடக்க உரை நிகழ்த்த வேண்டிய பேராக் ராஜா மூடா ராஜா நஸ்ரின் ஷா, மணிக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

கூட்டம் தொடங்கியதும் ஜம்ரி உள்ளிட்ட பத்துப் பேரும் மண்டபத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று சிவகுமார் உத்தரவிட்டார். அவர்கள் அசையவில்லை. அதே மண்டபத்தில், துணைச் சபாநாயகர் ஹீயின் தலைமையில் தேசிய முன்னணி உறுப்பினர்கள் தனியே தீர்மானம் கொண்டுவந்து, சிவகுமாரை நீக்கி, சுங்காய் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் ம.இ.கா.வைச் சேர்ந்தவருமான டத்தோ ஆர்.கணேசனைப் புதிய சபாநாயகராக அறிவித்தனர். சிவகுமார் நாற்காலியைவிட்டு எழ மறுத்தார்.

ஒரே மண்டபத்தில் இரு சபாநாயகர்கள். கூச்சலும் தள்ளுமுள்ளும் மணிக்கணக்கில் நீடித்தன. பிற்பகலில் போலீசார் மண்டபத்துக்குள் நுழைந்து சிவகுமாரை நாற்காலியோடு இழுத்து வெளியே கொண்டு சென்றனர். அதன் பிறகே மாலை மூன்று மணிவாக்கில் ராஜா நஸ்ரின் தமது உரையை நிகழ்த்த முடிந்தது.

இந்தியச் சமூகத்துக்கு அந்த நாள் இரட்டைச் சங்கடம். நாட்டின் முதல் இந்தியச் சபாநாயகர் வலுக்கட்டாயமாக அகற்றப்பட்டதும், அவர் இடத்தில் அமர்த்தப்பட்டவரும் இன்னோர் இந்தியராக இருந்ததும் அன்று காப்பிக் கடைகளில் விவாதப் பொருளாயின. இந்தியருக்குக் கிடைத்த பதவி இந்தியரிடமே இருக்கிறது என்று சிலர் அமைதி கொண்டனர். பதவியில் யார் இருக்கிறார் என்பதைவிட, எப்படி வந்தார் என்பதே முக்கியம் என்று மற்றவர்கள் வாதிட்டனர்.

அதே நாற்காலியில் நால்வர்

அதன் பிறகு பேராக்கில் சபாநாயகர் பதவி ம.இ.கா.வுக்கென ஒதுக்கப்பட்டது போலவே ஆனது. கணேசனுக்குப் பிறகு, 2013 பொதுத் தேர்தலை அடுத்து டத்தோ எஸ்.கே.தேவமணி சபாநாயகரானார். அவரைத் தொடர்ந்து டத்தோ சு.தங்கேஸ்வரி அந்தப் பொறுப்பை ஏற்றார். ஆக, 2008 முதல் 2018 வரை சிவகுமார், கணேசன், தேவமணி, தங்கேஸ்வரி என நான்கு இந்தியர்கள் தொடர்ந்து பேராக் சட்டமன்றத்துக்குத் தலைமை வகித்தனர். வேறு எந்த மாநிலத்திலும் இப்படி ஒரு வரிசை அமைந்ததில்லை.

இதற்குக் காரணம் உண்டு. 2008-இலும் 2013-இலும் பேராக்கில் ம.இ.கா. ஒரு சட்டமன்றத் தொகுதியையும் வெல்லவில்லை. தேர்தலில் இடம் பெறாத கட்சிக்கு மாநில நிர்வாகத்தில் ஒரு பிரதிநிதித்துவம் கொடுக்க, உறுப்பினராக இல்லாதவரும் சபாநாயகர் ஆகலாம் என்ற விதி வழிவிட்டது. இந்த நால்வரில், பொறுப்பேற்றபோது மக்கள் வாக்கால் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர் சிவகுமார் ஒருவரே.

2018-இல் ஆட்சி மாறியதும் ஜ.செ.க.வின் ஙே கூ ஹாம் சபாநாயகரானார். பத்தாண்டு வரிசை அத்துடன் நின்றது.

ஒரே விதி, இருவேறு விளைவு

மே 7-க்குப் பிறகு சட்டப் போராட்டம் இரு தடங்களில் சென்றது.

முதல் தடம் மந்திரி பெசார் யார் என்பது. மே 11-ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் நிஜாரே முறையான மந்திரி பெசார் என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மை இழந்தாரா என்பதைச் சட்டமன்ற வாக்கெடுப்பில்தான் தீர்மானிக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை அது எடுத்தது. 1966-இல் சரவாக் முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கான் நீக்கப்பட்ட வழக்கிலும் நீதிமன்றம் இதே கருத்தைச் சொல்லியிருந்தது. ஆனால் மறுநாளே அந்தத் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. மே 22-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ஜம்ரியின் நியமனத்தை உறுதிப்படுத்தினர். பெரும்பான்மை இழப்பைச் சட்டமன்றத்துக்கு வெளியே உள்ள சான்றுகளாலும் அறியலாம் என்பது அந்தத் தீர்ப்பின் முடிவு.

இரண்டாவது தடம் சபாநாயகர் யார் என்பது. தாமே முறையான சபாநாயகர் என அறிவிக்கக் கோரி சிவகுமார் தொடுத்த வழக்கை ஈப்போ உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டமன்றத்துக்குள் நடந்ததை நீதிமன்றம் கேள்விக்கு உட்படுத்த முடியாது என்பதே காரணம். அதாவது, அதே 72ஆவது விதி.

சபாநாயகராக அவர் எடுத்த முடிவை நீதிமன்றம் ஆராய்ந்து ரத்து செய்தது. அவரை நீக்கிய முடிவை ஆராய அதே விதி தடையாக நின்றது. இரண்டுக்கும் இடையே சட்ட நுணுக்கத்தில் வேறுபாடு உண்டு. முதலாவது அதிகார வரம்பு பற்றியது, இரண்டாவது மன்றத்தின் சொந்தத் தேர்வு பற்றியது. எனினும், ஈப்போ சாலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சாதாரண வாக்காளருக்கு அந்த வேறுபாட்டை விளக்குவது எளிதாக இருக்கவில்லை.

பத்து காஜாவிலிருந்து புத்ராஜெயாவுக்கு

2013 மே 5-ஆம் தேதி நடந்த 13ஆவது பொதுத் தேர்தலில் சிவகுமார் துரோனோவைத் தக்கவைத்துக்கொண்டார். அதே தேர்தலில் பத்து காஜா நாடாளுமன்றத் தொகுதியிலும் வென்றார். அதுவரை அத்தொகுதியை ஜ.செ.க.வின் ஃபோங் போ குவான் பிரதிநிதித்து வந்தார்.

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்க வரலாற்றைச் சுமந்து நிற்கும் ஊர்கள் துரோனோவும் பத்து காஜாவும். தென்னிந்தியத் தொழிலாளர்களின் உழைப்பில் எழுந்து, முற்றுப்பெறாமலேயே நின்றுபோன கெல்லி மாளிகை பத்து காஜாவுக்கு அருகில்தான் இருக்கிறது. ஆயினும் இத்தொகுதியில் பெரும்பான்மை வாக்காளர்கள் சீனர்கள். இந்திய வேட்பாளர் ஒருவர் இந்திய வாக்குகளை மட்டும் நம்பி இங்கு வெல்ல முடியாது. 2013, 2018, 2022 என மூன்று பொதுத் தேர்தல்களிலும் பத்து காஜா மக்கள் சிவகுமாரையே தேர்ந்தெடுத்தனர். 2018-இல் அவர் சட்டமன்றத் தொகுதியை விட்டுக்கொடுத்து நாடாளுமன்றத்துக்கு மட்டும் போட்டியிட்டார்.

2022 டிசம்பர் 3-ஆம் தேதி பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிமின் ஒற்றுமை அரசாங்கத்தில் மனிதவள அமைச்சராகப் பதவியேற்றார். இந்தியச் சமூகம் நெடுங்காலமாகக் கூர்ந்து கவனித்துவரும் அமைச்சு அது. தோட்டத் தொழிலாளர் முதல் உணவகங்களுக்கான அந்நியத் தொழிலாளர் வரை, சமூகத்தின் பல சிக்கல்கள் அந்த அமைச்சின் மேசையில்தான் போய் நிற்கின்றன.

அவர் பொறுப்பில் இருந்த காலத்தில், 2023 ஜனவரி 1-ஆம் தேதி திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. சட்டத் திருத்தம் முந்தைய அரசாங்கத்தின் காலத்தில் நிறைவேறியது என்றாலும், அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அவருடையதாக இருந்தது. ஐந்துக்கும் குறைவான தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு 1,500 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் 2023 ஜூலை 1-ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

2023 ஏப்ரலில், அந்நியத் தொழிலாளர் சேர்ப்பு தொடர்பான விசாரணையில் அவருடைய உதவியாளர்கள் சிலரை மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் தடுத்துவைத்தது. அமைச்சரும் ஆணையத்திடம் வாக்குமூலம் அளித்தார். அவர் அமைச்சராக இருந்த காலத்தில் அவர் மீது குற்றச்சாட்டு எதுவும் கொண்டுவரப்படவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட அமைச்சரவை மாற்றத்தில் அவர் பெயர் இடம்பெறவில்லை. மனிதவள அமைச்சு ஸ்டீவன் சிம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. அமைச்சராக அவர் இருந்தது சுமார் ஓராண்டு. சபாநாயகராக இருந்ததும் ஏறக்குறைய அதே அளவுதான்.

சட்டம் மாறியது

பேராக்கில் 2009-இல் நடந்தது அதோடு முடிந்துவிடவில்லை. 2020 மார்ச்சில், ‘ஷெரட்டன் நகர்வு’ என்று அழைக்கப்படும் அணி மாற்றத்தைத் தொடர்ந்து பேராக் ஆட்சி மறுபடியும் கைமாறியது. அதே ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி, மந்திரி பெசார் டத்தோஸ்ரீ அகமட் ஃபைசால் அசுமு மீதான நம்பிக்கைத் தீர்மானம் சட்டமன்றத்திலேயே வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஆதரவாக 10, எதிராக 48, செல்லாத வாக்கு ஒன்று. அவர் பதவி இழந்தார். 11 ஆண்டுகளுக்கு முன்னர் அதே மன்றத்தில் நடத்த முடியாமல் போன ஒரு வாக்கெடுப்பு, இம்முறை ஒரே நாளில் அமைதியாக நடந்து முடிந்தது.

தேர்ந்தெடுத்த ஆட்சியைத் தவளைகள் கவிழ்ப்பதைக் கண்டு மக்களும் சலித்துப் போயிருந்தனர். 2022 ஜூலை 28-ஆம் தேதி, கட்சித் தாவலைத் தடுக்கும் அரசமைப்புத் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது. 209 உறுப்பினர்கள் ஆதரவாக வாக்களித்தனர். எதிராக ஒருவரும் வாக்களிக்கவில்லை. அக்டோபர் 5-ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. மாநிலங்களும் தங்கள் அரசியலமைப்பில் அதற்கேற்ற திருத்தங்களைச் செய்ய வேண்டியதாயிற்று.

இந்தச் சட்டத்தின்படி, ஒரு கட்சியின் சின்னத்தில் வென்றவர் அக்கட்சியைவிட்டு விலகினாலோ, வேறு கட்சியில் சேர்ந்தாலோ அவருடைய இடம் காலியாகும். அவ்வாறு காலியானது குறித்து உறுப்பினர் ஒருவர் எழுத்துபூர்வமாகத் தெரிவித்தால், 21 நாட்களுக்குள் அதை உறுதிப்படுத்தித் தேர்தல் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டியவர் சபாநாயகர். அறிவிப்புக் கிடைத்த 60 நாட்களுக்குள் இடைத்தேர்தல் நடக்க வேண்டும்.

2009 பிப்ரவரியில் சிவகுமார் தமக்கு இருப்பதாகக் கருதி, நீதிமன்றம் இல்லை என்று மறுத்த அதிகாரம் இது. 13 ஆண்டுகள் கழித்து, சபாநாயகருக்கு அதைச் சட்டமே எழுதிக் கொடுத்தது. தேதியிடாத கடிதங்களைக் கட்சி அலுவலகத்தில் பூட்டி வைக்க வேண்டிய தேவை இனி இல்லை.

சட்டத்தில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. கட்சியே ஒருவரை நீக்கினால் அவர் இடம் பறிபோகாது. ஒரு கட்சி மொத்தமாகக் கூட்டணி மாறினாலும் இந்தச் சட்டம் தடுக்காது. அதேவேளை, சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அதன் பொருட்டுத் தம் கட்சியிலிருந்து விலகினால் அவர் இடத்தை இழக்க மாட்டார் என்று ஒரு விலக்கும் இதில் உண்டு. சபாநாயகர் கட்சிக்கு அப்பாற்பட்டவராக இருக்கலாம், இருக்க வேண்டும் என்பதற்கான கதவை அது திறந்து வைத்திருக்கிறது. பேராக்கில் இரு தரப்பும் அன்று மறந்த பாடம் அதுதான்.

எப்படி மதிப்பிடுவது?

சபாநாயகராகச் சிவகுமார் எடுத்த முடிவுகளில் முக்கியமானவை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஏழு பேரை இடைநீக்கம் செய்தது அளவு கடந்த நடவடிக்கை என்று இன்றும் விமர்சிப்பவர்கள் உண்டு. அமைச்சராக அவருடைய காலம் குறுகியது. சமூகம் எதிர்பார்த்த அளவுக்கு அதில் செயல்பட வாய்ப்பும் நேரமும் அமையவில்லை.

ஆனால் 2009-இல் அவர் அடிப்படையாக முன்வைத்த நிலைப்பாடு ஒன்றுதான்: அணி மாறியவரின் இடம் வாக்காளரிடம் திரும்பிச் செல்ல வேண்டும், மீண்டும் தேர்தல் நடக்க வேண்டும். அன்று அது தோற்றது. இன்று அதுவே நாட்டின் சட்டம்.

பேராங்கிலும் சங்காட் ஜெரிங்கிலும் ஜெலாப்பாங்கிலும் 2008-இல் வரிசையில் நின்று வாக்களித்தவர்களுக்கு இந்தச் சட்டம் காலம் தாழ்ந்து வந்தது. தங்கள் தொகுதியில் யார் இருக்க வேண்டும் என்று மறுபடியும் சொல்ல, அவர்கள் 2013 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இனி அப்படியொரு நிலை வந்தால், வாக்காளர் முன்னே மீண்டும் வாக்குப் பெட்டி வைக்கப்பட வேண்டும். அதைச் செய்யும் முதல் கையெழுத்து, சபாநாயகர் நாற்காலியில் அமர்ந்திருப்பவருடையது.